பதினாலு நிமிஷப் பாட்டில் ஒரு கப்பல்

பினாங்கில் கேசட்டு கேட்டு வளர்ந்த ஒருவர் டேப்பு சுப்பையாவைத் தெரியாது என்று சொன்னால், அவர் நேற்றுத்தான் அலோர் ஸ்டாரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். இதைச் சொல்வது சுப்பையாவேதான். மற்றவர்கள் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். ஆனால் மறுக்கவும் மாட்டார்கள்.

அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மகன் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஃபெரித் துறையை ஒட்டிய பெங்காலான் வெல்ட் பக்கத்துச் சந்தில் ஒரு சீனர் வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். பெருக்கிக்கொண்டே பார்த்தார், பார்த்துக்கொண்டே படித்தார். இருபத்தேழாவது வயதில் அதே சந்தில் சொந்தக் கடை போட்டார். இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போய்த்தான் வழிவிட வேண்டும், அத்தனை பெரிய கடை! பெயர்ப்பலகை எழுதக்கூட ஆள் வைக்கவில்லை. பெயிண்ட் வாங்கி வந்து தானே எழுதினார்: சுப்பையா ஒலிப்பதிவு. எழுத்து வலப்பக்கம் சாய்ந்திருக்கும். யாராவது கேட்டால், "சாஞ்சிருந்தாத்தான்யா போறவன் திரும்பிப் பாப்பான்" என்பார்.

இசைத்தட்டைக் கேசட்டில் பதிந்து கொடுப்பதுதான் தொழில். அந்தக் காலத்தில் பினாங்கு ரோட்டிலிருந்து கடலுக்கு அக்கரையில் இருக்கிற பட்டர்வொர்த் வரைக்கும் இந்தத் தொழில் செய்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். சுப்பையாவின் பேச்சு அவர்களில் ஒருவருக்கும் கிடையாது. "என் டேப்புக்கும் ஒரிஜினலுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தா இந்தக் காதை அறுத்துக்கறேன்" என்று இடது காதைப் பிடித்துக் காட்டுவார். சும்மா சொல்லக்கூடாது, வேலையும் அப்படித்தான் இருக்கும். ஏதாவது பிசகினால் மட்டும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'ட்ச்' என்று ஒரு சத்தம் போடுவார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் சந்து இருப்பதால், அந்த 'ட்ச்'சின் வாலைப் பிடித்துக்கொண்டு மெல்லிசாக ஒரு விசிலும் வரும். அவர் மனைவி வள்ளியம்மா அடுப்படியில் இருந்தபடியே அதைக் கேட்டு, "இன்னிக்கு என்ன போச்சு?" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில், சீனப் புத்தாண்டுப் பெருநாளின் மூன்றாம் நாள், அவர் கடைக்கு ஒரு கப்பல்காரர் வந்தார். கோவாக்காரர். கையில் இரட்டை இசைத்தட்டு. இங்கிலாந்தில் 'கிரே அன்வில்' என்று ஒரு ராக் குழு. நாலு பேர், நாலு பேருக்கும் தோள்வரை முடி. ஏதோ துறைமுக ஊரில், கரையோரத்து மண்டபம் ஒன்றில் இரண்டு இரவுகள் ஜனங்களின் முன்னால் வாசித்ததை அப்படியே பதிந்து 'டூ நைட்ஸ்' என்று போட்டிருந்தார்கள். அட்டைப்படத்தில் பாரந்தூக்கிகள், பனிமூட்டம். கப்பல்காரர் அரைகுறை மலாயில் சொன்னார்: "எனக்கு ஒரு காப்பி வேணும். உனக்கும் ஒண்ணு வச்சுக்கோ. ஆறு மணிக்கு என் கப்பல் கெளம்புது."

மணி மூன்றரை.

அன்று காலைதான் பிளேயரிலிருந்து ரெக்கார்டருக்குப் போகிற வயர் கருகிப் போயிருந்தது. வேறு வாங்கலாமென்றால் ஊரில் ஒரு கடை திறந்திருக்க வேண்டுமே! பெருநாளில் எந்தச் சீனர் கடை திறப்பார்? வேறு ஆளாக இருந்தால் கையை விரித்திருப்பான். சுப்பையா விரிக்கவில்லை. ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டு ரெக்கார்டரை வைத்து, அவற்றிலிருந்த மைக்கிலேயே பிடிப்பது என்று முடிவு செய்தார். வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, போர்வைக்கு மேல் கோணிச்சாக்கு தொங்கவிட்டார். போர்வையின் கீழ்நுனி காற்றில் அடிக்காமல் இருக்க வள்ளியம்மா அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு விடுவதைக்கூட எண்ணித்தான் விட்டார்கள்.

பட்டாசு ஒன்றுகூட உள்ளே வரவில்லை. மூன்றாவது பக்கத்தில் பதினாலு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் ஒவ்வொன்றாக அடங்கி, பேஸ் கிட்டார் மட்டும் தூங்குகிற பிள்ளையின் நெஞ்சு மாதிரி ஏறி இறங்கும். சுப்பையாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த நேரம் பார்த்து, நூறு கஜ தூரத்தில், பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஃபெரி குறுக்கே போன சம்பான் படகுக்காரனைப் பார்த்து ஹாரன் அடித்தது.

போம்ம்ம்ம்ம்.

போர்வையாவது, சாக்காவது! எல்லாவற்றையும் தாண்டி அது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. சுப்பையாவின் நாக்கு அவரைக் கேட்காமலேயே 'ட்ச்' என்றது. விசிலும் கூடவே போனது. இன்னொரு பக்கம் முழுதாகப் பாக்கி. கப்பல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பப் பதிய நேரமில்லை.

சுப்பையா தனக்கு வைத்துக்கொண்ட மூல டேப்பிலிருந்து எடுத்த முதல் காப்பியை வாங்கியவர் கோகிலன். பட்டர்வொர்த் ரயிலடியின் சரக்குக் கொட்டகையில் வேலை. மறுநாள் சாயங்காலமே ஓடி வந்தார். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள்.

"அண்ணே, பெரிய பாட்டுல நடுவுல கப்பல் சத்தம் வருதே?"

உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல சமயம். நாலைந்து பேர் நிற்காமல் இருந்திருந்தால் சொல்லியும் இருப்பார்.

"லைவ் ரெக்கார்டுன்னா பின்ன என்னன்னு நெனச்சே? அந்த மண்டபம் துறைமுகத்துலதானே இருக்கு. அட்டையைப் பாரு, கிரேன் தெரியல?"

கோகிலன் அட்டையின் நகலைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. "அடேயப்பா! பாட்டுக்குன்னே வச்ச மாதிரி வருதுண்ணே!"

நாலைந்து பேரும் ஆளுக்கொரு காப்பி கேட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுப்பையா நினைத்தாலும் நிறுத்தியிருக்க முடியாது. அந்தக் கேசட்டு துறைமுகத்துக்குப் போனது, தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியது, ஆஸ்பத்திரி விடுதிக்குள் நுழைந்தது. பாட்டில் ஒரு வார்த்தை புரியாதவர்களும் அதைத் தேயத்தேயக் கேட்டார்கள். தேய்ந்ததும் வந்து புதுசு வாங்கினார்கள். பயிற்சித் தாதியாக இருந்த பிரமிளா, முதல் முறை ஒரு நோயாளி தன் கையில் இறந்துபோன அன்று அந்தப் பதினாலு நிமிஷத்தை ஏழு தரம் கேட்டதாகச் சொல்வார். மார்க்கெட் ஸ்திரீட்டில் மாமா கடையில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த காஜா மொய்தீன், தன் சம்பளத்தில் வாங்கிய முதல் பொருள் அந்தக் கேசட்டுதான். இப்போது அந்தக் கடைக்கே அவர் முதலாளி.

வருஷா வருஷம் ஆகஸ்ட் மாத முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்கு, காஜா கடை மாடியில் எல்லோரும் கூடுவார்கள். டேப் முழுவதும் ஓடும். பதினாலு நிமிஷப் பாட்டில் ஹாரன் வரும்போது தே தாரேக் என்கிற ஆற்றிய பால்தேநீர்க் கிளாஸை எல்லோரும் தலைக்கு மேல் தூக்குவார்கள். அதை அடுத்து வருகிற அந்தச் சின்ன 'ட்ச்'சுக்கு ஒன்றாகக் கிளாஸை மேசையில் வைப்பார்கள். அந்த 'ட்ச்' பூட்டு விழுகிற சத்தம் மாதிரி இருப்பதால், 'கப்பலும் பூட்டும்' என்று அதற்கு ஒரு பெயரே உண்டு. அந்தப் பூட்டு என்ன சத்தம் என்பதில் மட்டும் சண்டை. டிரம் வாசிப்பவர் தட்டின் ஓரத்தைச் சுண்டுகிறார் என்பது பிரமிளாவின் கட்சி. கிட்டார் கம்பி என்பது காஜாவின் கட்சி. சுப்பையா இரண்டு பக்கமும் தலையாட்டுவார்.

ஒரிஜினலைத் தேடாமல் இல்லை. அதை வெளியிட்ட கம்பெனி மூழ்கிப்போய், உரிமை யாருக்கு என்று இங்கிலாந்தில் வருஷக்கணக்காக வழக்கு. குழுவின் மற்ற பாட்டெல்லாம் ஃபோனில் கிடைக்கும், இந்த இரண்டு இரவு மட்டும் கிடைக்காது. அதனால் சுப்பையாவின் டேப்தான் வேதம். கேசட்டு காலம் முடிந்து, அவர் பட்டர்வொர்த்தில் காருக்கு ஸ்பீக்கர் பூட்டுகிற கடை வைத்து, அதிலும் ஜெயித்து, கடைவீடு வாங்கி, மகனுக்குக் கல்யாணம் முடித்து ஓய்ந்த பிறகும், ஜார்ஜ்டவுனில் அவரைப் பார்க்கிறவர்கள் கேட்பது அந்த டேப்பைப் பற்றித்தான்.

இந்த வருஷம் ஜூலைக் கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அனுப்பியவர் கிஷன், கோகிலனின் மகன். நாற்பத்தைந்து வயது, புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கோகிலன் போய் ஆறு வருஷம் ஆகிறது. படத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தம்புது இரட்டை இசைத்தட்டு, அதே பாரந்தூக்கிகள், அதே பனிமூட்டம். கீழே எழுதியிருந்தார்: 'கேஸ் முடிஞ்சிருச்சி. மறுபடி போட்டுட்டாங்க. லண்டன்லேர்ந்து வந்திருச்சி. சுப்பையா அங்கிள் கையால உறை பிரிக்கணும். பிளேயரும் அவரோடதுதான் வரணும்.'

இதயங்களும் கும்பிடுகளும் மழையாகக் கொட்டின. சுப்பையா ஃபோனைக் குப்புற வைத்தார்.

"ட்ச்."

"என்ன போச்சு?" என்றார் வள்ளியம்மா.

சொன்னார். வள்ளியம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "நாப்பத்து நாலு வருஷமா அந்தக் கப்பல்ல ஓசிச் சவாரி பண்ணீங்க. எறங்க வேண்டிய எடம் வந்திருச்சி."

"பேரு போயிரும், வள்ளி."

"காது போனாப் பரவாயில்லையா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்திரண்டு வயசில் அவர் சேர்த்தது என்று இருப்பது கடைவீடா, காரா? அதெல்லாம் ஓட்டையும் உடைசலும் ஆகிற சாமான். டேப்பு சுப்பையா சொன்னால் சொன்னதுதான் என்று ஒரு ஊர் நம்புகிறதே, அதல்லவா சம்பாத்தியம்! ஞாயிறு காலை, பிளேயரைப் பெட்டியில் வைப்பதற்கு முன், தட்டைச் சுற்ற வைக்கிற ரப்பர் பெல்ட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பெல்ட் அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஒரு வருஷம் தள்ளிப் போகும். அடுத்த வருஷம் யார் இருக்கிறார்களோ, இல்லையோ.

பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறினார். இப்போது ஓடுவது புது ஃபெரி, குளுகுளுவென்று இருக்கும். பழைய ஃபெரியின் உறுமல் இதற்கு இல்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் பெல்ட் சூடாக இருப்பது போலத் தோன்றியது.

காஜா கடை மாடியில் இருபது பேர் இருந்தார்கள். கிஷன் போட்டிருந்தது அப்பாவின் பழைய பனியன்சட்டை. நெஞ்சில் 'கிரே அன்வில்' என்ற எழுத்து வெளுத்து, பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"அங்கிள், மூணு நாளாத் தூக்கம் வரல. அப்பா இருந்திருந்தா..."

"ஒரு சின்னப் பிரச்சனை, தம்பி" என்று சுப்பையா ஆரம்பித்தார். "பிளேயரு..."

"ஓடலையா?" காஜா மொய்தீன் தே கலக்கிக்கொண்டே குரல் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்லா! டேப்பு அண்ணனுக்கும் வயசாச்சு, அவர் சாமானுக்கும் வயசாச்சு. விடுங்க அண்ணே, என் மருமகன் ஒரு பிளாஸ்டிக் பிளேயர் வச்சிருக்கான், பேரப்புள்ளைக்கு வாங்குனது. ரோஸ் கலரு. அதுல போட்டுக்கலாம்."

மாடியே சிரித்தது.

நாற்பது வருஷம் எண்ணெய் போட்டு, ஊசி மாற்றி, பிள்ளை மாதிரி வளர்த்த மெஷின். அதை ஒரு ரோஸ் கலர் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்துவதா? சுப்பையாவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது.

"எவன்யா ஓடலைன்னான்? ஃபெரி ஆட்டத்துல கெட்டுறக் கூடாதுன்னு பெல்ட்டைக் கழட்டி வச்சேன். உன் கடை ரொட்டி மாதிரின்னு நெனச்சியா, எப்படிப் போட்டாலும் வேகறதுக்கு?"

பெல்ட்டை மாட்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கிஷன் இசைத்தட்டையும் ஒரு சின்னக் கத்தியையும் நீட்டினார். உறை பிரிந்தது. புது அட்டையின் வாசனை மாடி முழுக்கப் பரவியது. பிரமிளா கண்ணை மூடிக்கொண்டார். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். டேப்பில் மங்கலாகக் கேட்டதெல்லாம் கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று வந்தது. ஜனங்கள் ஹோ என்று கத்தியது கூரையைத் தொட்டது. சுப்பையாவின் காதுக்கு மட்டும் ஒன்றும் இறங்கவில்லை.

மூன்றாம் பக்கம். பதினாலு நிமிஷப் பாட்டு. வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பேஸ் கிட்டார் ஏறி இறங்கியது. இருபது கிளாஸ் தலைக்கு மேல் உயர்ந்தது.

ஹாரன் வரவில்லை.

கிளாஸ்கள் அப்படியே நின்றன. எங்கோ யாரோ ஒருவர் இருமுவது கேட்டது. பிறகு கிட்டார் திரும்பி வந்தது, டிரம் வந்தது, பாட்டு போய்க்கொண்டே இருந்தது. ஒருவர் கையும் இறங்கவில்லை. சுப்பையா தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வெட்டிட்டாங்க!" என்றார் பிரமிளா.

"என்னது?" என்றார் சுப்பையா.

"கப்பலை வெட்டிட்டாங்கண்ணே! இந்தக் காலத்துக் கம்பெனிக்காரனுங்க இப்படித்தான். கிளீன் பண்றேன், கிளீன் பண்றேன்னு உயிரையே எடுத்துர்றானுங்க."

"பூட்டையும்லா எடுத்துட்டான்!" என்று காஜா கிளாஸை டக்கென்று வைத்தார். "நானூறு வெள்ளி குடுத்து வாங்குனதுக்கு இதுவா? கிஷன், திருப்பி அனுப்பு. கடுதாசி எழுது. பினாங்குல இருபது பேரு கேக்குறோம், கப்பல் எங்கேன்னு எழுது!"

கிஷன் முகம் கறுத்துவிட்டது. ஃபோனை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தார். ஆளாளுக்கு வாசகம் எடுத்துக் கொடுத்தார்கள். ஒருவர் சொன்னார்: "உலகத்துலயே முழு ரெக்கார்டு நம்ம டேப்பு அண்ணன்கிட்டதான் இருக்குன்னு போடு!" எல்லோரும் கை தட்டினார்கள்.

சுப்பையாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை. பிறகு புரிந்தது. தப்பித்தாயிற்று. தப்பித்தது மட்டுமா? இங்கிலாந்துக் கம்பெனியே தப்பு, சுப்பையா சரி! இதைவிடப் பெரிய மாலை யார் போடுவார்? வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், இரண்டு நிமிஷம்.

பிரமிளா விடவில்லை. "யோசிச்சுப் பாருங்க. அந்த பேஸ் கிட்டாரு எந்தச் சுருதியில நிக்குதோ, அதே சுருதியில கப்பல். அது தற்செயலா? அந்த பேஸ்காரன் எவ்வளவு பெரிய மூளைக்காரனா இருக்கணும்! கப்பல் வர்ற நேரத்தைக் கணக்குப் பண்ணி வாசிச்சிருக்கான்."

"அவன்தான்லா கலைஞன்" என்றார் காஜா.

"அப்புறம் அந்தப் பூட்டு. அந்த டிரம்காரனுக்கு ஒரு கோயிலே கட்டலாம்..."

அவ்வளவுதான். அதற்கு மேல் சுப்பையாவால் பொறுக்க முடியவில்லை. நாற்பத்து நாலு வருஷமாகப் பயத்தில் மூடியிருந்த வாய் அது. கடைசியில் அதைத் திறந்தது பயம் இல்லை, ரோஷம்.

"எந்த பேஸ்காரன்? எந்த டிரம்காரன்? அது நான்யா! கப்பலும் நான், பூட்டும் நான்!"

மாடி அதிரச் சிரித்தார்கள்.

"ஆரம்பிச்சிட்டாரு!" என்றார் காஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அடுத்தது கிட்டாரும் நானேம்பாரு பாருங்க."

"நெசமாத்தான்யா சொல்றேன். வயர் கருகிப் போச்சு. சீனப் பெருநாளு, கடை இல்ல. மைக்குல புடிச்சேன். நம்ம பட்டர்வொர்த் ஃபெரி ஹாரன் அடிச்சது, உள்ள வந்திருச்சு!"

"சரிண்ணே, சரிண்ணே. தே ஆறுது, குடிங்க."

வாழ்நாளெல்லாம் பெருமை பேசியதை ஒன்றுவிடாமல் நம்பிய ஊர், முதல்முதலாக ஒரு உண்மையைச் சொன்னதும் சிரிக்கிறது. சுப்பையாவுக்கு வந்த எரிச்சலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"ட்ச்."

விசில் வால் பிடித்துக்கொண்டு வந்தது.

பிரமிளாவின் சிரிப்பு நின்றது. அவர் சுப்பையாவையே பார்த்தார். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து பழைய டேப்பை எடுத்து, இயந்திரத்தில் போட்டு, சரியான இடத்துக்கு ஓட்டினார். அந்த இடம் அவர் விரலுக்கே தெரியும். போம்ம்ம்ம்ம் என்றது. அதை அடுத்து: ட்ச். மெல்லிசாக ஒரு விசில்.

திருப்பி ஓட்டினார். ட்ச். இன்னொரு தரம். ட்ச்.

"அண்ணே, இன்னொரு வாட்டி செய்ங்க" என்றார்.

சுப்பையா செய்தார். இருபது பேரும் கேட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நாப்பது வருஷமா உங்க நாக்குக்கா கிளாஸ் வச்சேன்?" பிரமிளாவின் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. "அன்னிக்கு அந்த நோயாளி போனப்ப நான் ஏழு தடவை கேட்டதும் உங்களையா?"

சுப்பையா தலை குனிந்தார்.

கிஷன்தான் பேசினார். மெதுவாக. "எங்கப்பா அந்த ஊருக்குப் போகணும்னு காசு சேத்தாரு, அங்கிள். அந்த மண்டபத்து வாசல்ல நின்னு கப்பல் சத்தம் கேக்கணும்னு. போக முடியல. ஆஸ்பத்திரியிலகூட அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு."

"தப்புதான், தம்பி. மொத நாளு உங்கப்பா கேட்டப்பவே சொல்லியிருக்கணும். நாலு பேரு நின்னாங்க. வாய் வரல."

கிஷன் ஃபோனில் எழுதியிருந்த கடிதத்தைப் பார்த்தார். "எத்தனை மணி இருக்கும், அங்கிள்? ஹாரன் அடிச்சப்ப?"

"அஞ்சு. அஞ்சேகால். கப்பல்காரர் ஆறு மணிக்குப் போகணும்னு நின்னாரு."

"பட்டர்வொர்த்துலேர்ந்து இந்தப் பக்கம் வந்த ஃபெரியா?"

"ஆமா."

"அப்பா சரக்குக் கொட்டகையில வேலை முடிஞ்சு வர்றது அஞ்சு மணி ஃபெரிலதான். பெருநாள்லகூட லீவு கிடையாது அவருக்கு." கிஷன் கடிதத்தை அழித்துவிட்டார். "அப்ப அந்தச் சத்தத்துக்குள்ள அவரு இருந்திருக்கலாம்."

இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதை யார் போய் விசாரிப்பது? மாடியில் யாருக்கும் விசாரிக்கிற எண்ணமும் இல்லை.

காஜா மொய்தீன் எழுந்து போய்ப் புது இசைத்தட்டில் அந்த இடத்தைத் திரும்ப வைத்தார். "ஏன்யா, அப்ப ஒரிஜினல்ல இங்க என்னதான் இருக்குது? நம்ம கப்பல் நாப்பது வருஷமா எதை மூடி வச்சிருந்துச்சு?"

எல்லோரும் காதைக் கொடுத்தார்கள். பேஸ் கிட்டார் ஏறி இறங்கியது. அந்த இங்கிலாந்து மண்டபத்தில், பின்வரிசையில் யாரோ ஒருவர், நன்றாகச் சளி பிடித்தவர், லொக்கு லொக்கென்று இருமினார்.

"இவ்வளவுதானா?" என்றார் பிரமிளா. சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த இருமலுக்கு நம்ம ஃபெரி எவ்வளவோ தேவலாம்!"

"அடுத்த வருஷம் டேப்பேதான்" என்றார் காஜா. "அது சரிண்ணே, காது எப்ப அறுக்கறீங்க? கீழ நல்ல கத்தி இருக்கு."

"மயிரிழை வித்தியாசம் இருந்தாத்தானே அறுக்கறேன்னேன்? இது ஒரு முழு ஃபெரியாச்சே. கணக்குல வராது." சொல்லி முடிப்பதற்குள் சுப்பையாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது. "இங்கிலாந்து பேண்டோட நம்ம பட்டர்வொர்த் ஃபெரியைச் சேந்து வாசிக்க வச்ச ஒரே ஆளு யாருன்னு நெனச்சே?"

கிஷன் தன் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். அப்பாவுடையது, அந்த முதல் காப்பி. உள்ளே மடித்திருந்த காகிதத்தில் குழுவினரின் பெயர்கள் இருந்தன. இங்கிலீஷ் தெரியாத சுப்பையா, அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் படம் வரைவது போல அன்று எழுதியவை. கிட்டார், பேஸ், டிரம், பாட்டு என்று நாலு பேர். நாலும் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

"கீழ எடம் இருக்கு, அங்கிள்" என்று பேனாவை நீட்டினார்.

சுப்பையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காகிதத்தை மேசையில் வைத்துத் தமிழில் எழுதினார். 'கப்பல்: பட்டர்வொர்த் ஃபெரி.' கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் 'கோகிலன் உள்ளே' என்று சேர்த்தார். அதற்குக் கீழே 'பூட்டு: சுப்பையா' என்று எழுதினார்.

எழுத்து வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்துவிட்டது. அவருடைய பெயர் மட்டும் மற்ற எல்லோருடையதையும்விடக் கொஞ்சம் பெரிதாக வந்திருந்தது.